நாலு பல் எடுக்கணுமாம்

மகளுக்குப் பதிமூன்று வயதில் மேல்வரிசைக் கோரைப்பல் இரண்டும் தெத்திக்கொண்டு நின்றன. "தெத்துப்பல் அதிர்ஷ்டம்டா, கை வைக்காதே" என்றார் அம்மா. மகளோ ஃபோட்டோ எடுத்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள்.

கோத்தகிரியில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் மாறி, கோவையில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். "நாலு பல் எடுத்துட்டுத்தான் கிளிப் போடணும், எப்ப வர்றீங்க?" என்றார் டாக்டர். ஏன் என்றேன். "இடம் பத்தாது." அவ்வளவுதான். சொத்தை விழாத நாலு பல்லை யார் பிடுங்கக் கொடுப்பார்கள்? திரும்பி வந்துவிட்டோம்.

அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, பல்லை எடுக்கலாமா கூடாதா என்பது நூறு வருஷச் சண்டை. பல்லை நேராக்கும் ஆசை அதைவிடப் பழசு. 1728-லேயே பிரான்ஸின் பியர் ஃபோஷார், லாட வடிவத் தகட்டில் பல்லை நூலால் கட்டி இழுக்கும் முறையை எழுதியிருக்கிறார். இதைத் தனி மருத்துவத் துறையாக்கியவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாததை 1899-ல் அவர் பிரித்த மூன்று வகையைத்தான் டாக்டர்கள் இன்றும் எழுதுகிறார்கள். 32 பல்லும் வாயில் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். சிலருக்கு எடுக்கத்தான் வேண்டும் என்றார் கால்வின் கேஸ். 1911-ல் பெரிய விவாதமே நடந்தது. ஆங்கிள் பக்கமே கை ஓங்கியது.

ஆங்கிள் 1930-ல் இறந்தார். அவருடைய சீடர் சார்லஸ் ட்வீட், தான் பல் எடுக்காமல் வைத்தியம் பார்த்தவர்களுக்கே பல் மறுபடி கோணுவதைப் பார்த்தார். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, நாலு பல் எடுத்து, காசு வாங்காமல் கம்பி கட்டினார். 1940-ல் அதைப் பல் டாக்டர்கள் சபையிலும் கொண்டுபோய் வைத்தார். எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடித்துவிட்டது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் அச்சு எடுத்து, ஸ்கேல் வைத்துக் காட்டினார். பற்களின் அகலத்துக்குத் தாடையில் ஒன்பது மில்லிமீட்டர் குறைந்தது. கொஞ்சமாகக் குறைந்தால் எடுக்காமலே வேறு வழி பார்க்கலாம் என்றும் அவரே சொன்னார். ஐந்து நிமிஷம்தான் ஆனது, சரி என்றுவிட்டேன். பல் எடுப்பதில் எனக்குக் கோபமில்லை. அந்த ஐந்து நிமிஷத்தை முதல் ஆள் தரவில்லை, அதில்தான். வாயைத் திறந்து காட்டுகிற பிள்ளைக்கும் காரணம் தெரிய வேண்டாமா?

கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரையும், இழுபடும் பக்கம் புதிதாக வளரும். மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகருமாம். ஆக இரண்டு வருஷம், மாசம் ஒரு கோவைப் பயணம். அவளுக்குப் போட்டது சூட்டில் இறுகும் நிக்கல் டைட்டானியம் கம்பி. குளிர் காலையில் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இழுக்குதுப்பா" என்பாள். ஊட்டி வர்க்கியை டீயில் நனைக்காமல் கடித்து பல்லில் ஒட்டிய ஒரு பிராக்கெட்டையும் பெயர்த்தாள்.

இப்போது கிளிப் கழற்றியாச்சு. பல் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும் என்பதால் ராத்திரி ரிடெய்னர் என்ற, கழற்றி மாட்டும் பிடிப்பைப் போட வேண்டும். போன வாரம் அதை டிஷ்யூவில் சுற்றி ஊட்டியில் சித்தி வீட்டு மேஜையில் வைத்திருக்கிறாள். குப்பையோடு போய்விட்டது. சனிக்கிழமை மறுபடி மேட்டுப்பாளையம் பஸ்.