பெட்ரூம நின்னு பாக்காதீங்க, படுத்துப் பாருங்க

2024 சித்திரை மாசம், ராத்திரி ரெண்டரை மணி இருக்கும். தூக்கம் வராம மல்லாந்து படுத்துக்கிட்டு மேல பாத்துக்கிட்டே கிடந்தேன். ஏசி ஸ்டெபிலைசர்ல பச்சை கலர்ல நம்பர் எரியுது, கொசு மெஷின்ல சிவப்பு, மூலையில வைஃபை பெட்டியில நீல லைட்டு விட்டு விட்டு மினுக்குது, அது பூராவும் எதிர்ல இருக்க டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில பட்டு இன்னொரு தடவ தெரியுது. 2019-ல மதுரையில இந்த மூணாவது மாடி பிளாட்டுக்குக் குடி வந்தப்போ நாங்க ஆசையா செலவு பண்ணி செஞ்ச ரூம் இது. பால் காய்ச்ச வந்தவங்க எல்லாரும் ஹோட்டல் ரூம் மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. அந்த ரூம்ல அஞ்சு வருஷமா நான் அலுப்போடதான் எந்திரிச்சிருக்கேன். வேலை ஜாஸ்தி, வயசாகுது, அதான்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கேன், ரூம் மேல சந்தேகமே வரல.

அன்னைக்குத்தான் ஒண்ணு உறைச்சுச்சு. இந்த ரூம ஒருத்தர் கூட படுத்துப் பாத்து செய்யல. இன்டீரியர் பண்ண வந்தவர் வாசல்ல நின்னு போட்டோ எடுத்தாரு, நாங்களும் வாசல்ல நின்னே ஓகே சொன்னோம். ஆனா இந்த ரூம்ல நாம நிக்கிறது எவ்வளவு நேரம்? ஏழு மணி நேரம் படுத்துல்ல கிடக்கோம்.

நம்ம ஊர்ல இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்லீங்க. கட்டில், மெத்தை, பீரோன்னாலே சீர் சாமான் தானே. பொண்ணு வீட்டுல எவ்வளவு செஞ்சாங்கன்னு நாலு பேரு பாக்கணும்னு வாங்கினது, படுக்கிறவங்களுக்கு முதுகு வலிக்குமான்னு யோசிச்சு வாங்கினது இல்ல. அந்தக் காலத்துல கோடையில மொட்டை மாடி, முற்றம், திண்ணைன்னு காத்து வர்ற இடத்துல பாய விரிச்சுப் படுத்துக்கிட்டாங்க, அதனால உள் ரூம் எப்படி இருந்தாலும் ஓடுச்சு. இப்ப நமக்கு அந்த நாலு சுவர் மட்டும்தானே.

அதனால நான் செஞ்ச முதல் வேலை, ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி லைட்ட எல்லாம் போட்டுட்டு கட்டில்ல படுத்து கண்ணுல எது குத்துதுன்னு பாத்தேன். ஃபால்ஸ் சீலிங்ல எட்டு ஸ்பாட் லைட்டு, அதுல மூணு நேரா கண்ணுக்குள்ள அடிக்குது. எல்லாமே வெள்ளை வெளேர்னு 6500 கெல்வின் (வெளிச்சம் மஞ்சளா வெள்ளையான்னு சொல்ற அளவு, நம்பர் ஏற ஏற வெள்ளை), பல்பு டப்பா மேலயே அந்த நம்பர் போட்டிருப்பாங்க, எடுத்துப் பாருங்க. நம்ம கண்ணுக்குள்ள பாக்குறதுக்குன்னு இல்லாம இது பகலா ராத்திரியான்னு மூளைக்குச் சொல்றதுக்குன்னே சில செல்கள் இருக்குன்னு 2002-ல கண்டுபிடிச்சாங்க. நீல வெளிச்சம் பட்டா அதுக்குப் பகல்னு அர்த்தம், இந்த வெள்ளை பல்புல நீலம் நிறைய. ராத்திரி பத்தரைக்கு உச்சி வெயில் மாதிரி லைட்டப் போட்டுட்டு, பதினொண்ணுக்கு அணைச்ச உடனே தூக்கம் வான்னா எங்கேர்ந்து வரும்?

எலக்ட்ரீசியன் தம்பிகிட்ட 2700 கெல்வின் மஞ்ச பல்பா வாங்கிட்டு வாப்பான்னு சொன்னேன். "அக்கா, ரூம் மங்கலா தெரியும்க்கா, அப்புறம் என்னைய சொல்லக் கூடாது"ன்னாரு. மங்கலாத்தான்ப்பா வேணும்னேன். கட்டிலுக்கு ரெண்டு பக்கமும், படுத்தா தல இருக்க மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, சுவத்தப் பாத்து வெளிச்சம் விழுற மாதிரி ஆளுக்கொரு மூணு வாட்ஸ் விளக்கு, சுவிட்ச் படுத்துக்கிட்டே கைக்கு எட்டுற இடத்துல. எட்டு மணிக்கு மேல இந்த ரெண்டு மட்டும்தான். ஸ்டெபிலைசர் நம்பர் மேல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியாச்சு, வைஃபை பெட்டி ஹாலுக்குப் போயிருச்சு. அந்த டேப் பத்து ரூவா. எனக்கு அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சுது, சத்தியமா சொல்றேன்.

அடுத்தது அந்த ஃபால்ஸ் சீலிங். எங்க பிளாட்ல ஒன்பதரை அடி உயரம், அதுல முக்கால் அடிய இது தின்னுருச்சு. ஃபேன் ராடை வெட்டி மேல ஒட்டுன மாதிரி மாட்டியிருந்தாங்க. ஃபேன் றெக்கைக்கு மேல ஒரு அடியாவது எடம் இருந்தாதான் மேலேர்ந்து காத்த இழுத்துக் கீழ தள்ளும், இல்லன்னா வேகமா சுத்தும், காத்து மட்டும் மேல படாது. அந்த ஃபால்ஸ் சீலிங்கக் கழட்டிட்டோம். வீட்டுக்காரருக்கு மனசே இல்ல, அவ்வளவு பணம் போட்டது. கழட்டின அன்னைக்கு ராத்திரி ஃபேன் மூணுலயே போர்வை தேடினாரு.

எங்க ரூமுக்கு மேக்கு வெளிச்சுவர். மதுரை வெயில் தெரியும்ல, மத்தியானத்துலேர்ந்து ஆறு மணி வரைக்கும் அந்தச் சுவர் வெயிலக் குடிச்சிட்டு, நாம படுக்கப் போற நேரத்துல உள்ள விடும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கைய வச்சுப் பாத்தா தோசைக்கல்லு ஆறிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கும். கட்டில் தலமாடு அந்தச் சுவத்துல தான் இருந்துச்சு! மரூன் கலர்ல டிசைன் ஒட்டி, நடுவுல குஷன் வச்சு, ரூம்லயே அழகான சுவர் அதுதான்னு கட்டில அங்க போட்டுட்டாங்க. இப்ப கட்டில தெக்குச் சுவத்துக்குத் தள்ளிட்டோம் (அத்தைக்கும் சந்தோஷம், தெக்க தல வச்சுப் படுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க), துணி வைக்கிற அலமாரிய மேக்குச் சுவத்துல ரெண்டு இஞ்ச் இடம் விட்டு நிறுத்திட்டோம். வெக்கைய மொதல்ல அலமாரி வாங்கிக்குது. மேக்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. வெளியதான் கட்டணும், உள்ள எவ்வளவு கனமா ஸ்கிரீன் போட்டாலும் கண்ணாடி தாண்டி வந்த சூடு வந்ததுதான்.

இதெல்லாம் பண்ண அப்புறம் ஏசி 26, கூட ஃபேன் ரெண்டுல வச்சாலே போதுமா இருக்கு. 2020 ஜனவரியிலேர்ந்து ஸ்டார் போட்ட ஏசி எல்லாம் ஆன் பண்ணா 24-ல தான் ஆரம்பிக்கணும்னு விதியே இருக்கு, நாங்க அதுக்கு முந்தி வாங்குனது, 20-லயே ஓட்டிக்கிட்டு இருந்தோம்.

கட்டில் சைஸ் பத்தி ஒண்ணு சொல்லணும். ரூம் பன்னெண்டுக்குப் பதினொண்ணு. கிங் சைஸ் 72 இஞ்ச், அப்படின்னா ஆறடி. பதினொண்ணுல ஆறு போச்சு, அலமாரி ரெண்டடி, மிச்சம் மூணு அடிய ரெண்டு பக்கமும் பிரிச்சா ஒண்ணரை அடி. அலமாரிக் கதவ முழுசா தொறக்க முடியாது, ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா முட்டி இடிக்கும். குயின் சைஸ் 60 இஞ்ச், நீளம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கு அது தாராளம். அந்த ஒரு அடி கிடைச்சதுல ரூமே மூச்சு விட்ட மாதிரி ஆயிருச்சு. நடக்க இடம் இல்லாத ரூம்ல என்ன அலங்காரம் பண்ணாலும் மனசு இறுக்கமாத்தான் இருக்கும்.

அப்புறம் மேல படுற துணி. இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். பளபளன்னு வழுக்குற பாலியஸ்டர் பெட்ஷீட் செட்டு, அதுக்கு மேட்ச்சா ஆறு குஷன், தினமும் ராத்திரி அந்த ஆறையும் எடுத்துத் தரையில போட்டுட்டுப் படுக்கணும். எல்லாத்தையும் குடுத்துட்டேன். சென்னிமலை காட்டன் பெட்ஷீட் நாலு வாங்கினேன். புதுசுல கஞ்சி வச்ச மாதிரி வெறப்பா இருக்கும், அத வச்சு வேணாம்னு முடிவு பண்ணிராதீங்க. துவைக்கத் துவைக்க இழை இளகி, எட்டு பத்து தடவ ஆனதும் அம்மா பழைய சேலை மாதிரி ஒரு மெதுமை வரும் பாருங்க, வேர்வைய அப்படியே வாங்கிக்கும், முதுகுல ஒட்டாது. தலகாணி இலவம்பஞ்சு, போடி பக்கமிருந்து வர்ற பஞ்சு, கண்ணு முன்னாடியே அடைச்சுத் தைச்சு வாங்கினது. அந்த நார் ஒவ்வொண்ணும் உள்ள குழல் மாதிரி காலியா இருக்கும், அதான் தல சூடாகுறதில்ல. தண்ணியில மட்டும் நனைச்சுராதீங்க, கட்டி கட்டியாயிரும். மாசத்துக்கு ரெண்டு தடவ மொட்டை மாடியில வெயில்ல போட்டு ரெண்டு தட்டு தட்டுனா புஸ்ஸுன்னு உப்பிக்கிட்டு வரும், அன்னைக்கு ராத்திரி கன்னத்த வச்சா வெயில் வாசம் அடிக்கும்.

கலர் வேணாம்னு நான் சொல்லல, கலர் எனக்கும் உசுரு. சுவர் நாலும் வெளிர் சந்தனம், பளபளப்பு இல்லாத மேட் பெயிண்ட். கலர் எல்லாம் தரையில, கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன பவானி ஜமக்காளம், சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையா. காலைல கால வச்சதும் டைல்ஸ் சில்லுன்னு அடிக்காம அந்த நூல் சொரசொரப்புல பாதம் படுறது ஒரு சுகம். படுத்திருக்கும்போது அது கண்ணுல படாது, எந்திரிச்சா முதல்ல அதான் தெரியும்.

மொத்தமா பல்பு, தட்டி, பெயிண்ட், துணி, தலகாணி, கட்டில் மாத்தினது எல்லாம் சேத்து நாப்பத்தி மூவாயிரம் ஆச்சு, பழைய கட்டில வித்த காசு போக. 2019-ல போட்டது இதுக்கு ஆறு மடங்கு. சூட்கேஸ், பழைய பாத்திரம், பிள்ளைங்க பழைய புஸ்தகம்னு பீரோ மேல அடுக்கி வச்சிருந்தத காலி பண்ணதுக்கு ஒரு பைசா ஆகல, ஆனா படுத்துப் பாக்கும்போது தல மேல பாரம் இல்லாம இருக்குல்ல, அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது.

பழைய டியூப்லைட் ஒண்ண மட்டும் கழட்ட வேணாம்னு சொல்லிட்டேன். பெட்ஷீட் மாத்தும்போதும், கட்டிலுக்கு அடியில கம்மல் திருகாணி உருண்டு போனாலும் அது வேணும்.