ஜூலுக்கு அலகு, மேயருக்கு ஜன்னல்

பிளஸ் ஒன் இயற்பியலில் 'மேயர் தொடர்பு' என்று ஒன்று வரும். சிபி மைனஸ் சிவி ஈக்குவல் டு ஆர்: வாயுவின் இரண்டு தன்வெப்பங்களுக்கும் உள்ள வித்தியாசம் வாயு மாறிலிக்குச் சமம். தருவித்து எழுதினால் மார்க். அந்த மேயர் வைத்தியம் பார்க்கும் டாக்டர் என்பதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

ராபர்ட் மேயர், ஜெர்மனியின் ஹைல்பிரான் ஊர்க்காரர். 1840-இல் டச்சுக் கப்பல் ஒன்றில் டாக்டராகச் சேர்ந்து ஜாவா போனார். நோய் என்றால் கையின் சிரையைக் கீறி ரத்தம் வடிப்பதுதான் அன்றைய வைத்தியம். சுரபாயாவில் மாலுமிகளுக்குக் கீறியபோது வந்த ரத்தம் பளிச்சென்று சிவந்திருந்தது. சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக அல்லவா இருக்கும்? பளிச்சென்ற ரத்தம் ஓடும் தமனியைக் கீறிவிட்டோமோ என்று திடுக்கிட்டார். உள்ளூர் டாக்டர்களோ, வெப்ப நாட்டில் இது சகஜம் என்றார்கள். மேயருக்கு அது போதவில்லை. வெளியே சூடாக இருந்தால் உடம்பு தன் சூட்டுக்காக எரிப்பது குறையும், ஆக்சிஜன் செலவும் குறையும், ரத்தம் சிவப்பாகவே திரும்பும் என்று யோசித்தார். அப்புறம்தான் பெரிய கேள்வி: உண்ட உணவு சூடாகவும் ஆகிறது, உழைப்பாகவும் ஆகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்று விகிதம் இருந்தாக வேண்டுமே?

1841-இல் எழுதி பொக்கன்டார்ஃபின் இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். அவர் வெளியிடவில்லை. இதற்காக அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வேகத்தின் வர்க்கம் வர வேண்டிய இடத்தில் வெறும் வேகத்தைப் போட்டு வைத்த கட்டுரை அது. மேயர் இயக்கவியலைப் படித்துத் திருத்தி எழுதினார். 1842-இல் லீபிக்கின் வேதியியல் இதழில் வந்தது. 365 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எடை, அதே எடைத் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் என்றார். இன்றைய கணக்கு சுமார் 427. வாயுக்களின் தன்வெப்பத்தை, அதாவது ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை, பிறர் அளந்து வைத்திருந்தார்கள். அந்த எண்களிலிருந்தே இதைப் பிடித்தார்.

மறு வருடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர்க்காரரான ஜூல், இதே விகிதத்தை அளந்த தன் சோதனைகளை வெளியிட்டார். அவருடைய அளவீட்டுத் திறமை அபாரம், ஆற்றலின் அலகுக்கு அவர் பெயர் வைத்ததும் சரிதான். ஆனால், 'மேயர் சோதனை செய்யவில்லை, ஊகித்தார்' என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். எல்லோர் கையிலும் இருந்த எண்களில் ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது ஊகமா?

யார் முதலில் கண்டுபிடித்தது என்ற முன்னுரிமைச் சண்டை ஒரு பக்கம். 1848-இல் மேயரின் இரண்டு பிள்ளைகள் இறந்தன. 1850-இல் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார், பிழைத்துக்கொண்டார். அப்புறம் மனநோய் விடுதி, அங்கே கட்டிப்போட்டு வைத்தியம். 1862-இல் இயற்பியலாளர் டிண்டால் லண்டனில் மேடையேறி இவர் பெருமையைப் பேசினார். அதற்கும் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டெய்ட் போன்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1870-இல் ஜூலுக்கு, 1871-இல் மேயருக்கு. பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி இருக்கிறது என்பது என் சந்தேகம்.