முகப்பை மட்டும் பார்த்துட்டு வீட்டைப் பார்த்தேன்னு சொல்லாதே

"ஷேடர் ஃபைலைப் படிச்சேன், பிழையைச் சரி பண்ணிட்டேன்"னு நம்ம கோடைத் தானே திருத்துற ஏஐ ஏஜென்ட் போடுற வரியைப் பார்த்தாலே வயிறு எரியுது. (ஷேடர்னா கேம்ல பொருளுங்களுக்கு நிறமும் வெளிச்சமும் கணக்குப் போடுற சின்ன ப்ரோக்ராம், ஜிபியூங்கிற கிராஃபிக்ஸ் சிப்புல ஓடுறது.) படிக்கலைங்க. டாட் ஷேடர்னு முடியுற ஒத்தை ஃபைலைத் திறந்து பார்த்திருக்கு, அவ்வளவுதான். நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுங்க முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுலன்னு நீளும். முகப்புல நின்னு எட்டிப் பார்த்தவன் வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் பார்த்தாச்சுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? ஷேடர்ல மட்டும் ஏன் ஒத்துக்கிறீங்க?

யூனிட்டி கேம் எஞ்சின்ல, யூஆர்பிங்கிற ரெண்டர் பைப்லைன் (காட்சியை வரையுற முறை) உள்ள ப்ராஜெக்டை எடுத்துக்குங்க. ஷேடர் ஃபைல்ல பெரும்பாலும் ப்ராப்பர்ட்டி (வெளியேர்ந்து மாத்தக்கூடிய மதிப்பு) பட்டியல், பாஸ் (ஒரு தடவை வரையுற கட்டம்) வரிசை, வேற ஃபைலை உள்ளே இழுக்கிற நாலஞ்சு இன்க்ளூட் வரி. வேலை நடக்கிறது அந்த இன்க்ளூடுக்குள்ள. கோர், லைட்டிங்னு ஹெச்எல்எஸ்எல் (ஷேடர் எழுதுற மொழி) ஃபைல் எல்லாம் இருக்கிற இடம் லைப்ரரி ஃபோல்டருக்குள்ள பேக்கேஜ் கேஷ். லைப்ரரியை கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்காம விட வேண்டியதோட பட்டியல்) போட்டிருப்போம், போடத்தான் வேணும். ஆனா பல ஏஜென்ட் தேடுறதுக்கு வச்சிருக்கிற ரிப்கிரெப்ங்கிற கருவி, கிட்இக்னோர்ல உள்ளதை இயல்பாவே தாண்டிப் போயிரும். கிடைக்கலைன்னு சொல்லவாவது செய்யுதா? ஊகிச்சு எழுதுது! யூஆர்பியோட டிரான்ஸ்ஃபார்ம்ஆப்ஜெக்ட்டுஹெச்கிளிப் ஃபங்ஷன் வர வேண்டிய இடத்துல பழைய பில்ட்-இன் பைப்லைனோட யூனிட்டிஆப்ஜெக்ட்டுகிளிப்பாஸ். அது கம்பைல் ஆகலைன்னதும் பழைய பைப்லைனோட யூனிட்டிசிஜி இன்க்ளூடையும் மேல சேர்த்துவிடுது. ரெண்டு லைப்ரரியும் ஒரே பேரை அறிவிக்க, ரீடெஃபனிஷன் எரர் வரிசைகட்டி நிக்குது, சீன் முழுக்க எரர் காட்டுற மஜெந்தா நிறம்.

மருந்து சின்னதுதான். ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற விதி ஃபைல்ல ரெண்டு ஷேடர்லைப்ரரி ஃபோல்டரோட முழுப் பாதையை எழுதுங்க, ரெண்டர் பைப்லைன் கோர் ஒண்ணு, யுனிவர்சல் ஒண்ணு. படிக்கலாம், தொடக் கூடாதுன்னு போடுங்க. எந்தப் பதிப்புன்னு தெரிய பேக்கேஜஸ் லாக் ஃபைலையும் காட்டுங்க. மூணு வரி. இதைக்கூடச் செய்யாம "ஏஐக்கு ஷேடரே வராது"ன்னு கைகழுவுறவங்க மேலயும் கோவம் இருக்கு.

ஒரு தரையைப் பார்ப்போம். ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை. பதினாறு டிசைனை 4-க்கு 4 கட்டமா ஒரே அட்லஸ்ல (பல படம் சேர்ந்த ஒரே டெக்ஸ்சர்) வச்சு, ஃப்ராக் (எண்ணோட தசம பாகத்தை மட்டும் எடுக்கிற ஃபங்ஷன்) போட்டுக் கல்லுக்குக் கல்லு டிசைன் மாத்துற ஷேடர். ஓடவிட்டா ஒவ்வொரு கல்லு விளிம்புலயும் மெலிசா ஒரு கோடு தெரியும். ஃப்ராக் போட்டதும் யூவி (டெக்ஸ்சர்ல எந்த இடம்னு சொல்ற எண்) 1-லேர்ந்து 0-க்குக் குதிக்குது. பக்கத்துப் பிக்சல்களோட யூவி வித்தியாசத்தை வச்சுத்தான் ஜிபியூ மிப் லெவலை (அதே டெக்ஸ்சரோட சின்னதாக்கின பிரதிகள்ல எதுன்னு) தேர்ந்தெடுக்கும். குதிக்கிற இடத்துல வித்தியாசம் பெருசு, அதனால ரொம்பச் சின்ன மிப்பை எடுத்து, கலந்துபோன சராசரி நிறத்தைப் பூசிடுது. ஃப்ராக் போடுறதுக்கு முன்னாடியே டிடிஎக்ஸ், டிடிஒய் (அந்தப் பக்கத்துப் பிக்சல் வித்தியாசம்) எடுத்து வச்சு, அட்லஸுக்காக ரெண்டையும் 4-ஆல வகுத்து, சாம்பிள் டெக்ஸ்சர் 2டி கிராட்ல கொடுத்தா கோடு போயிரும். (தூரத்துல பக்கத்துக் கல்லு நிறம் கசியுறது வேற விஷயம், அதுக்குத்தான் அட்லஸ்ல டிசைனுக்கு நடுவுல விடுற பேடிங்.)

அந்த ஃப்ராக் வரி ஒரு இன்க்ளூட் ஃபைல்ல இருக்கு. ஏஜென்ட் அதைத் திறக்கவே இல்லை. அதனால டெக்ஸ்சர் ராப்பை கிளாம்ப் ஆக்கும், ஃபில்டரை பாயின்ட் ஆக்கும், கடைசியில மிப்மேப்பையே அணைச்சிரும். கோடு போகும்தான். ஆனா கேமரா நகர்ந்தா தூரத்துத் தரை முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி பொடிப்பொடியா மினுங்கும். இதுக்குப் பேர் சரி பண்ணினதா?

அப்புறம் பேர் மாத்துற வியாதி. மெயின்டெக்ஸ்னு இருந்ததை அழகுக்காக பேஸ்மேப்னு மாத்திவிடுது. மெட்டீரியல் ஃபைல் மதிப்பை ப்ராப்பர்ட்டி பேர்ல தான் சேமிக்குது. பழைய பேர்ல டெக்ஸ்சர் அப்படியே கிடக்கும், ஷேடர் புதுப் பேரைத் தேடும், சுவரெல்லாம் வெள்ளை. மாத்துறதுக்கு முன்னாடி ஷேடரோட மெட்டா ஃபைல்ல உள்ள 32 எழுத்து ஜியூஐடியை (அந்த ஃபைலோட அடையாளம்) எடுத்து, எல்லா மெட்டீரியல் ஃபைல்லயும் தேடச் சொல்லுங்க. டோக்கன் (ஏஐ படிக்கிற அளவு) மிச்சம்னு மெட்டா ஃபைலை மறைச்சு வைக்கிறவங்க இந்த வழியைத் தாங்களே அடைக்கிறாங்க. எண், நிறம் மாதிரி புது ப்ராப்பர்ட்டி சேர்த்தா அது யூனிட்டிபெர்மெட்டீரியல்ங்கிற சிபஃபர் தொகுப்புக்குள்ள, எல்லா பாஸ்லயும் ஒரே மாதிரி இருக்கணும். வெளிய விட்டா, வரையுறதை வேகமாக்குற எஸ்ஆர்பி பேட்சர் அந்த ஷேடரைக் கைவிட்டுடும். எரரே வராது, வேகம் மட்டும் போகும்.

கீவேர்டு (ஷேடர் வசதியை ஆன்-ஆஃப் பண்ற பேர்) இன்னும் மோசம். பயன்படுறதை மட்டும் பில்டுல வைக்கிற ஷேடர் ஃபீச்சரை, "பாதுகாப்புக்கு" எல்லாத்தையும் வைக்கிற மல்ட்டி கம்பைலா மாத்தினா, ஆன்-ஆஃப் சுவிட்ச் 10 இருந்தா ஒரு பாஸுக்கே 1024 வேரியன்ட் (ஷேடரோட தனித்தனி வடிவம்). திருப்பி மாத்தினாலும் ஆபத்து. ஸ்கிரிப்ட்ல எனேபிள்கீவேர்டு போட்டு ஆன் பண்றதா இருந்து, பில்டுல எந்த மெட்டீரியலும் அதைப் பயன்படுத்தலைன்னா அந்த வேரியன்ட் ஏபிகேல (ஃபோன்ல போடுற ஆப் ஃபைல்) இருக்காது. எடிட்டர்ல ஓடும், ஃபோன்ல ஓடாது. சி-ஷார்ப் கோடைத் தேடாம அந்த வரியைத் தொட விடாதீங்க.

நோடுங்களை இணைச்சு ஷேடர் செய்யுற ஷேடர் கிராஃப் ஃபைலைக் கையால திருத்த விடவே கூடாது. ஆயிரக்கணக்கான வரி ஜேசன், ஒரு ஆப்ஜெக்ட் ஐடி பிசகினா கிராஃப் திறக்காது. வியூ ஜெனரேட்டட் ஷேடர் அமுக்கி அந்த கோடைக் கொடுங்க. கணக்கை கஸ்டம் ஃபங்ஷன் நோடுக்கு ஒரு ஹெச்எல்எஸ்எல் ஃபைல்ல வையுங்க. ஃபங்ஷன் பேர் கடைசியில அண்டர்ஸ்கோர் ஃப்ளோட் இருக்கணும், ஏஜென்ட் அதைத் தேவையில்லைன்னு வெட்டும், பார்த்துக்குங்க. அன்ரியல் எஞ்சின்ல மெட்டீரியல் யூஅசெட் பைனரி, அதைப் படிச்சேன்னு சொன்னா நம்பவே வேணாம்.

கம்பைல் ஆன ஷேடரையும் நம்பாதீங்க. ஊருணித் தண்ணிக்கு நேரத்தை ஹாஃப்ல (16 பிட் எண் வகை) எடுத்து எழுதிக் கொடுக்கும். கம்ப்யூட்டர்ல ஹாஃப் 32 பிட்டாவே ஓடுறதால அலை வழுவழுன்னு போகும். ஃபோன்ல நிஜமாவே 16 பிட். 64 விநாடி தாண்டினதும் நேரம் விநாடிக்கு 16 படியாத்தான் நகரும். 1024 விநாடியில, அதாவது 17 நிமிஷத்துல, விநாடிக்கு ஒரே படி. அலை நின்னு நின்னு துள்ளும். நேரத்தை 32 பிட் ஃப்ளோட்ல வச்சு, அலையோட சுழற்சிக்குள்ள மடக்கின பிறகுதான் ஹாஃபுக்கு மாத்தணும். ஃபோன்ல 20 நிமிஷம் ஓட விட்டுத் தண்ணியைப் பாருங்க, அதுக்கப்புறம் மெர்ஜ் பண்ணுங்க.