சாவிப்பெட்டியோடு ஒரு மல்லுக்கட்டு

சுயசேவை விடுதி என்றால் நமக்கு வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். புறநகரில் கடைசி பஸ்ஸில் இறங்கி, வாசலில் தொங்கிய, அறைச் சாவியை உள்ளே வைத்து எண் பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி முன்னால் 20 நிமிடம் நின்றேன். செல்போன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு நான்கு எண்களை உருட்டினால், கடைசி எண் 6-க்கும் 7-க்கும் நடுவே சிக்கிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. உதவி எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல்தான் பேசுகிறது. ஒருவழியாக உள்ளே போனால், மெத்தை மேல் மடித்து வைத்த விரிப்பு. சரி, விரித்தேன். காலையில் அதையும் நானே உருவி மூட்டை கட்ட வேண்டுமாம், குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட வேண்டுமாம், சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம் ரசீதைப் பார்த்தால் 'துப்புரவுக் கட்டணம்' என்று தனியாக ஒரு வரி! துப்புரவு செய்தது நான்தானே ஐயா?