எடிட் சாவி

கோவையில் சின்னப் பட்டறை நடத்துகிறவர்கள் நாலு பேர் டீக்கடையில் நின்றால் அஞ்சாவது நிமிடம் பேச்சு அங்கேதான் போகும். "ஆள் கிடைக்கறதில்லைங்க." நானும் பத்து வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

கோவை கணபதி பகுதியில் ஒற்றை லேத்தோடு (கடைசல் மெஷின்) ஜாப் ஆர்டர் எடுத்துத் தொடங்கினேன். பம்ப் ஷாஃப்ட், புஷ், அவ்வப்போது வால்வு பாகங்கள். 2021-ல் ஊரடங்கு முடிந்து ஆர்டர் குவிந்தபோது கடன் வாங்கி இரண்டாவது சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின், இறக்கினேன். மெஷின் வந்து சேர்ந்த அதே மாதம் என் ஆபரேட்டர் நின்றுவிட்டான். புது மெஷின் மூன்று வாரம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. தவணை மட்டும் தேதி தவறாமல் போனது.

அவன் போனது இரண்டு தெரு தள்ளி இருக்கும் பட்டறைக்கு. சம்பளம் கூடக் கொடுத்து இழுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது கேட்டேவிட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சம்பளம் ஆயிரத்தஞ்ஞூறுதாங்ணா ஜாஸ்தி. ஆனா அங்க புரோகிராம் போட விடறாங்க."

சி.என்.சி. மெஷினில் புரோகிராமை யாரும் மாற்றாமல் பூட்டி வைக்க ஒரு சின்னச் சாவி உண்டு. எடிட் சாவி என்போம். எங்கள் பட்டறையில் அது எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். ஒருமுறை ஒரு பையன் ஆஃப்செட்டில், அதாவது டூலின் இடத்தைத் திருத்தும் அளவில், 0.2 என்று போடுவதற்குப் பதில் 2 என்று போட்டு டூல் நேராகப் போய் பீஸைப் பிடித்திருக்கும் சக்கில் மோதியது. சர்வீஸ்காரருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு மாத லாபம் போனது. அன்று பூட்டியதுதான். அதற்குப் பிறகு என்னிடம் இருந்தவர்கள் செய்ததெல்லாம் பீஸை மாட்டுவது, பட்டனை அழுத்துவது, கழற்றுவது, அளப்பது. ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் டர்னர் (லேத் வேலை) படித்துவிட்டு வந்தவனை ஐந்து வருடம் கதவு திறந்து மூட வைத்திருக்கிறேன். அவன் போகாமல் என்ன செய்வான்?

அந்தக் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் வழியெல்லாம் என் ஆசானை நினைத்துக்கொண்டு வந்தேன். அவரிடம்தான் நான் டர்னிங் பழகினேன். நான்கு தாடைச் சக்கில் ஜாபைப் பிடித்து, அது கோணாமல் சுற்றுகிறதா என்று டயல் வைத்துப் பார்க்கப் பழகுவதற்கு எத்தனை நாள் ஆனாலும் பக்கத்தில் நிற்பார். பீஸ் கெட்டால் திட்டுவார், ஆனால் அடுத்த பீஸையும் என் கையில்தான் கொடுப்பார். கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடு வாழ்ந்த ஊர் இது. அவர் முயற்சியில் 1945-லேயே இங்கே தொழிற்கல்விக் கல்லூரி வந்தது. இந்த ஊரில் பாதி முதலாளிகள் யாரோ ஒருவரின் பட்டறையில் எண்ணெய்க் கையோடு பழகி வந்தவர்கள்தான். நம்மை ஒருவர் பழக்கினார். நாம் மட்டும் பழகி வந்த ஆளையே தேடுகிறோம். எல்லோரும் தேடினால் அந்த ஆள் எங்கிருந்து வருவான்?

எடிட் சாவியைப் பட்டறை ஆட்களிடம் கொடுத்தேன். வெறுமனே கொடுக்கவில்லை. புது புரோகிராம் என்றால் முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேபிட் வேகத்தை 25 சதவீதத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், கை டூலை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பட்டன் மேலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி, நானும் கூடவே நின்றேன். முதல் இரண்டு மாதத்தில் ஒரு டூல் ஹோல்டரும் கை நிறைய இன்சர்ட்டும் (வெட்டும் முனை) போயின. மனசு அடித்துக்கொண்டது. ஆனால் மூன்றாம் மாதம், மேலூரிலிருந்து வந்து ஹெல்பராகச் சேர்ந்த பையன் ஒரு ஷாஃப்டின் சைக்கிள் நேரத்தில் 40 வினாடி குறைத்துக் காட்டினான். எனக்கு அது தோன்றவே இல்லை.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். கடனுக்காக நிற்கிறவன் கை வேலையில் இருக்கும், மனசு வாசலில் இருக்கும். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் மாட்டக்கூடாது என்று ஒன்பது பேரோடு கணக்கை நிறுத்துகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 18,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது மாதம் 585 ரூபாய். தொழிலாளி பங்கு 135. என்னிடம் இருக்கும் ஒருவரின் அம்மாவுக்கு சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அந்த 585-ஐ மிச்சம் பிடித்திருந்தால் அன்று அவர் யாரிடம் போய் நின்றிருப்பார்?

பழக்கிவிட்டால் போய்விடுவார்களே என்பார்கள். போவார்கள். என்னிடம் பழகிய இருவர் போய்விட்டார்கள். ஒருவர் சொந்தமாக ஒரு மெஷின் போட்டிருக்கிறார். எனக்கு வேலை அதிகமாகும்போது அவரிடம்தான் கொடுக்கிறேன். அளவு தப்பாது, ஏனென்றால் அவர் எப்படி அளப்பார் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. இத்தனை வருடமாக ஆள் இல்லை என்றபோது நான் ஆண்களை மட்டும்தான் தேடியிருக்கிறேன். இந்த ஆண்டு ஐ.டி.ஐ.க்குப் போய்ப் பேசியபோது மெஷினிஸ்ட் படித்த இரண்டு பெண்கள் வருகிறோம் என்றார்கள். அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுபவர்களாக, பதிவு செய்கிறேன். அவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை ஒரு வரம்பு வரை மத்திய அரசே ஏற்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்ட ஒரே கேள்வி, "சார், பாத்ரூம் தனியா இருக்குங்களா?"

இல்லை. இருபது வருடப் பட்டறையில் அது இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்பக்கம் ஸ்கிராப் கொட்டி வைத்திருந்த இடத்தைக் காலி செய்து கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் எழும்பிவிட்டது. வியாழக்கிழமை கதவு மாட்டுகிறார்கள், திங்கள்கிழமை அவர்கள் வேலைக்கு வருகிறார்கள்.