61 நாள் ஓய்வு கடலுக்கு மட்டும்தானா?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் வடசென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கரையோரம் நிற்கும். ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். முன்பு 45 நாளாக இருந்த தடை 2017இல் 61 நாளாக நீண்டது. என் அப்பா முப்பது ஆண்டுகள் விசைப்படகில் போனவர். தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் அடகுக் கடைக்குப் போகாத நகை கிடையாது. ஆனாலும் தடையே கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கடலும் பிள்ளை பெற வேண்டாமா என்பார். அதற்குமேல் அதில் பேச அவருக்கு ஒன்றும் இருக்காது.

பொருளாதாரம் முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போக முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் இந்த 61 நாள்தான் நினைவுக்கு வருகிறது. ஓர் இடம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து அதற்குள் நம்மை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அரசு சட்டமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. யாருக்கு? படகுக்காரனுக்கு. அங்கிருந்து வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் எண்ணூர் முகத்துவாரம். அங்கே நிற்கும் புகைபோக்கிகளுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டா?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகம் என்பதால் இறாலும் நண்டும் மடவையும் அங்கே பெருகின. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது, அப்புறம் வல்லூர். 2001இல் எண்ணூர் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். தெற்கே மணலியில் 1969 முதலே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இவை ஒவ்வொன்றும் வந்தபோது நாட்டின் வளர்ச்சிக்கு என்றுதான் சொன்னார்கள். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் வீட்டில் விளக்கு எரிவதும் அந்த மின்சாரத்தில்தான்.

ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் பத்து மூட்டை எரித்தால் மூன்று நான்கு மூட்டை சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும்போதெல்லாம் சாம்பல் ஆற்றுக்குப் போனது. ஆள் மூழ்கும் ஆழமிருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று அங்குள்ள மீனவ ஊரான காட்டுக்குப்பத்துக்காரர்கள் சொல்கிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். சாம்பலை மட்டும் யாரும் அளக்கவில்லை.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் பத்து ஆண்டில் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, இருபது ஆண்டில் நான்கு, முப்பது ஆண்டில் எட்டு. தமிழ்நாடு 2024-25இல் 11 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. எல்லோரும் கொண்டாடினோம். என் மகளுக்கு இப்போது பத்து வயது. அவள் என் வயதுக்கு வரும்போது இந்தப் பொருளாதாரம் எட்டு மடங்காகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முகத்துவாரம் எட்டு மடங்காகுமா? அதற்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஏரி எட்டு மடங்காகுமா?

தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது, குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை நடக்கும் என்று ஒரு பதில் வரும். பாதி உண்மை. எங்கள் வீட்டில் 60 வாட் குண்டு பல்பு போய் 9 வாட் எல்இடி வந்தது. அதே வீட்டில் இப்போது ஏசி இருக்கிறது. தெருவில் முக்கால்வாசி வீடுகளிலும் இருக்கிறது. 2024 கோடையில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதே 2024-25இல் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி முதல்முறையாக 100 கோடி டன்னைக் கடந்தது. காற்றாலையும் சூரியத் தகடும் கூடிக்கொண்டே போகும் காலத்தில்தான் நிலக்கரியும் கூடியது. மிச்சம் பிடித்ததையெல்லாம் வளர்ச்சி தின்றுவிட்டது.

மக்கள்தொகைதான் காரணம் என்பவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. என் பாட்டிக்கு ஏழு பிள்ளைகள், அம்மாவுக்கு நான்கு, எனக்கு இரண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலேயே வந்துவிட்டது. தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த இதே ஐம்பது ஆண்டில்தான் எண்ணூர் ஆறு செத்தது. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்ட உலக மக்கள்தொகையும் 2080களில் ஏறத்தாழ 1,030 கோடியில் நின்று பிறகு இறங்கும் என்று ஐ.நா. மதிப்பிடுகிறது. தலை எண்ணிக்கை ஒருநாள் நிற்கும். ஒரு தலைக்கு எவ்வளவு என்பது நிற்குமா? ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் அளவில் கரியமில வாயு வெளியிடுகிறார், ஓர் அமெரிக்கர் 14 டன் அளவில். குப்பத்துப் பெண்ணின் கருப்பையைக் காட்டிப் பேசுகிறவர்கள் முதலில் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லட்டும்.

வளர்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையில் தூங்கும் குடும்பத்துக்கு நல்ல வீடு வேண்டும், கழிவறை வேண்டும், பக்கத்தில் மருத்துவமனை வேண்டும். அதற்குச் சிமெண்ட்டும் இரும்பும் மின்சாரமும் ஆகும், ஆகட்டும். என் கோபம் வேறு இடத்தில். நாம் எதை வளர்ச்சி என்று கூட்டுகிறோம்? அப்பா இளவயதில் விடியலில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். இன்று அதே மீனுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு பத்து நாள் போகிறார்கள். வஞ்சிரம் குறைந்து, கோழித் தீவனத்துக்குப் போகும் பொடிமீன் கூடியிருக்கிறது. இழுவை மடியில் அடியோடு வாரியதில் எங்கள் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் தொலைவுக்குப் போக எரிக்கும் டீசலும் வளர்ச்சிக் கணக்கில் வரவாகவே ஏறுகிறது. கரையோரம் காலியானது எந்த ஏட்டிலும் செலவாக எழுதப்படவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தபோது எண்ணூர்ப் பக்கம் போயிருந்தேன். வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. படகு, வலை, மாங்குரோவ் வேர் எல்லாவற்றிலும் பிசின்போல ஒட்டியிருந்தது. மீனவர்களே வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துப்புரவுக்குக் கொடுத்த கூலியும் வாங்கிய பீப்பாயும்கூட வளர்ச்சியில்தான் சேரும். ஓர் அம்மாள் எண்ணெயில் ஊறிய வலையைக் கையில் வைத்துக்கொண்டு, கழுவலாமா எரித்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் தனித்தனியாகச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுகிறார்கள். இது மட்டும் வந்தால் இவ்வளவுதான் பாதிப்பு என்று இருக்கும். ஏற்கனவே இருப்பவை அத்தனையையும் கூட்டி, இந்த ஆறும் இந்தக் காற்றும் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று முதலில் சொல்லட்டும். தாங்கும் அளவு முடிந்திருந்தால், புதிதாக ஒன்று வர வேண்டுமானால் பழையது ஒன்று மூடப்பட வேண்டும். படகுக்கு நாள் குறித்தவர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல.

எண்ணூரில் அடுத்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது நடந்தாலும் இதைக் கேட்கப் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். தடைக்காலமாக இருந்தால் காசிமேட்டிலிருந்து இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.