ஜாவா போனால் ஜாவாஸ்கிரிப்ட்டும் போச்சா?

"பிரௌசர்கள் ஜாவாவை நிறுத்திவிட்டன. ஜாவாஸ்கிரிப்ட் அதன் குட்டி வடிவம்தான். அதைப் படிக்க, அரசு பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தை வீணாக்காதீர்கள்." சிங்கப்பூர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு செய்தி சுற்றுகிறது. தவறு.

நின்றது ஜாவா ஆப்லெட், அதாவது இணையப் பக்கத்துக்குள் ஓடும் குட்டி ஜாவா நிரல். அதை ஓட்டிய பிளக்இன் (பிரௌசரில் தனியாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) வசதியை குரோம் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017இலும் விலக்கின. பாதுகாப்பு ஓட்டைகள் ஒரு முக்கியக் காரணம். ஜாவா என்ற நிரல்மொழிகூடச் சாகவில்லை, சர்வர்களில் நன்றாகவே ஓடுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் வேறு ஆள், பிரௌசரே நேரடியாக ஓட்டும் தனி நிரல்மொழி. 1995இல் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அதன் பெயர் முதலில் மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட். அன்று ஜாவாவுக்கு இருந்த மவுசைப் பார்த்து, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தோடு சேர்ந்து பெயரை மாற்றினார்கள். இத்தனை குழப்பமும் அந்த விளம்பர வேலையால்தான்.

சந்தேகமா? கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, எஃப்12 அழுத்தி, கன்சோல் (கட்டளை தட்டும் இடம்) பகுதியில் "5" - 2 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 3 என்று வரும். மேற்கோள்குறிக்குள் இருக்கும் 5 வெறும் எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தானாகவே எண்ணாக்கிக் கழித்துவிடுகிறது. ஜாவாவில் இதே வரி கம்பைல்கூட (கணினி ஓட்டும் வடிவுக்கு மாறக்கூட) ஆகாது. பிளக்இன் எதுவும் போடவில்லை, கவனித்தீர்களா?

வகுப்பில் சேருவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பாடத்திட்டத்தில் ஆப்லெட் இருந்தால் மட்டும் ஓடிவிடுங்கள்.